டூ ஸ்ட்ரோக் கிளாஸின் விதியை 1996-லேயே நிறுத்தி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருபத்தாறு வருஷமாக பைக் மெக்கானிக் கடை நடத்துகிறேன். டிராக் ரேஸில் ஓடும் சின்ன டூ ஸ்ட்ரோக் கிளாஸைப் பற்றித்தான் இந்தக் கடிதம். யமஹா ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, சுசுகி ஷோகன் மாதிரி பழைய பைக்குகள் ஓடுகிற கிளாஸ், அதாவது போட்டிப் பிரிவு. அதன் விதிகளை மாற்ற வேண்டும், தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராக் ரேஸில் வளைவு கிடையாது. நேரான பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி, நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார் என்பதுதான் போட்டி. கால் மைல், அதாவது 402 மீட்டர், உலகம் முழுக்கப் பழகிய தூரம். அதில் பாதி, 201 மீட்டரிலும் ஓட்டுவார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பையன்கள் ஹெல்மெட் இல்லாமல் பறப்பதை தயவுசெய்து இதோடு சேர்க்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது. நான் சொல்வது மூடிய பாதையில், லெதர் சூட் போட்டு, ஆம்புலன்ஸை நிறுத்தி வைத்துவிட்டு நடக்கும் ரேஸ்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ரேஸ் புதுசு இல்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியதே எங்கள் பக்கத்து சோழவரத்தில்தான், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில். அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டில் வேலை பார்த்தவர், என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அங்கே கூட்டிப் போயிருக்கிறார். எந்த வண்டி ஜெயித்தது என்பதெல்லாம் ஞாபகம் இல்லை. ஆனால் ரேஸ் இன்ஜினில் காஸ்டர் ஆயில், நம்ம விளக்கெண்ணெய்தான், எரிகிற அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ரேஸ் பாதை வந்தது, ரேஸ் அங்கே போனது. இன்றைக்கு எங்கள் ஏரியா ஆட்கள் குட்டி யானையில் வண்டியை ஏற்றி, பூந்தமல்லி டிராஃபிக்கைத் தாண்டி ஊரின் அந்தக் கோடிக்குப் போய்த்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. போகிறார்கள், ஆசை இருப்பதால் போகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளாஸின் ராணி ஆர்எக்ஸ் 100. 98 சிசி, கம்பெனிக் கணக்கில் 11 குதிரைத்திறன், 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. அதற்குப் பிறகு வந்த ஆர்எக்ஸ் 135-ம் 2005-ல் நின்றது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக ஷோரூமிலிருந்து போய்விட்டன. அப்புறம் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்தது, புது பைக்குகளில் கார்புரேட்டரும் பெரும்பாலும் போய்விட்டது, கிட்டத்தட்ட எல்லாம் ஃபியூயல் இன்ஜெக்ஷன், அதாவது சென்சார் பார்த்து பெட்ரோலைப் பீச்சுகிற முறை. ஆக, ஷோரூமிலிருந்து வெளியே வருகிற வண்டிக்கும் எங்கள் கிளாஸில் ஓடுகிற வண்டிக்கும் இப்போது ஒரு தலைமுறை இடைவெளி. ஆனால் நாங்கள் ஓடுகிற கிளப் போட்டிகளின் விதித்தாள் மட்டும் அந்தக் கடைசி ஆர்எக்ஸ் 100 வெளியே வந்த நாளிலேயே நிற்கிறது. கார்புரேட்டர்தான் இருக்க வேண்டும், ஒரிஜினல் வகை சிடிஐதான் (பிளக்குக்குத் தீப்பொறி அனுப்புகிற மின் பெட்டி) இருக்க வேண்டும், எடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் எடையைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

என் அக்கா பையன்தான் எங்கள் ரைடர். இருபத்திரண்டு வயசு, நல்ல உயரம், 68 கிலோ. எங்களோடு மோதுகிற டீமில் ஓட்டுகிற பையன் 50 கிலோகூட இருக்க மாட்டான். வண்டி சுமார் நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வண்டி 150 கிலோவைத் தள்ளுகிறது, எங்கள் வண்டி 168 கிலோவைத் தள்ளுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடுதல் சுமை. சின்ன இன்ஜினுக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை, என்னதான் போர்ட்டிங் வேலை, அதாவது சிலிண்டர் துளைகளைச் செதுக்கிப் பெரிசாக்குகிற வேலை, செய்தாலும் ஈடுகட்ட முடியாது. அதனால் என்ன ஆகிறது? ஒவ்வொரு டீமும் ஒல்லியான பையனைத் தேடுகிறது. சரியாக மீசை முளைக்காத பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள், ரெண்டு நாள் முன்னாடியிலிருந்து சோறு குறைக்கச் சொல்கிறார்கள். போன வருஷம் ரேஸுக்கு முந்தின நாள் ராத்திரி அக்கா இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தது, டப்பாவைத் திறக்கவே இல்லை அவன். கேட்டால், "மாமா, நாளைக்கு ஓட்டிட்டு சாப்பிடறேன், ரெண்டு கிலோ குறைஞ்சா அரை வண்டி முன்னாடி வரலாம்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது.

ஆளில் குறைக்க முடியாதவர்கள் வண்டியில் குறைக்கிறார்கள். ஃபிரேமில் டிரில் போட்டு ஓட்டை ஓட்டையாகச் செய்வது, பின் மட்கார்டு பிடிக்கிற பைப்பை அறுப்பது, முன் பிரேக்கையே கழற்றிவிடுவது, இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. கிளம்பும்போது பிரேக் எதற்கு என்பார்கள். கோட்டைத் தாண்டிய பிறகு நிற்க வேண்டாமா? ஒரு கிளப் போட்டியில், எந்தக் கிளப் என்று சொல்ல விரும்பவில்லை, முன் பிரேக் இல்லாத வண்டி ஒன்று முடிவுக் கோட்டைத் தாண்டி, நிறுத்தும் பகுதியும் முடிந்து, மணல் மூட்டையில் போய் விழுந்தது. அந்தப் பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டியைத் தூக்கும்போது பார்த்தேன், ஸ்டியரிங் தலைக்குக் கீழே பைப்பில் வரிசையாக ஏழு ஓட்டை, அதில் ரெண்டு ஓட்டைக்கு நடுவே மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருந்தது. இன்னும் ரெண்டு ரன் ஓட்டியிருந்தால் ஃபிரேம் பாதி வழியிலேயே பிரிந்திருக்கும்.

இதற்கு மருந்து ரொம்ப எளிது. வண்டியும் ரைடரும் சூட், ஹெல்மெட்டோடு சேர்ந்து இத்தனை கிலோவுக்குக் குறையக் கூடாது என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். 165 என்று வையுங்கள், 170 என்று வையுங்கள், உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். குறைவாக இருக்கிற டீம் ஈயக் கட்டியை வண்டியில் போல்ட் போட்டு ஏற்றிக்கொள்ளட்டும். ஒவ்வொரு ரன் முடிந்ததும் எடை மேடையில் ஏற்ற வேண்டும். அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிற மேடை போதும், நான் கடையில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். இந்த ஒரு வரி வந்தால் ஃபிரேமை அறுக்கிறதுக்குக் காரணமே இல்லை, பிரேக்கைக் கழற்றுகிறதுக்குக் காரணம் இல்லை, பிள்ளைகளைப் பட்டினி போடுகிறதுக்கும் காரணம் இல்லை.

அடுத்தது தீப்பொறியும் பெட்ரோலும். இதைப் பேசினால்தான் எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை வருகிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பிளக்கைக் கழற்றி, அந்தப் பீங்கானை வெயிலில் பிடித்துப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடுவார். டீ நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் லீன், பெட்ரோல் பற்றவில்லை; கரி பிடித்திருந்தால் ரிச், பெட்ரோல் அதிகம். அந்தக் கைப்பக்குவம் எனக்கும் வந்தது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கைப்பக்குவம் ஏமாற்றிய நாளும் உண்டு. மார்கழி மாதம் ஒரு போட்டி. சனிக்கிழமை மத்தியானம் கடை வாசலில் நல்ல வெயிலில் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற துளை, பார்த்து செட் பண்ணியிருந்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முதல் ரன். பனிக் காற்று, அடர்த்தியான காற்று, அதற்குத் தகுந்த பெட்ரோல் போகவில்லை. முக்கால் தூரத்தில் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகி, சீஸ் ஆகி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. பையன் கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தான், இல்லையென்றால் அன்றைக்கு நானே குற்றவாளி. ஜெட்டை மாற்றாதது என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சின்ன சென்சார்கள் இன்றைக்குப் பால்காரர் ஓட்டுகிற வண்டியில்கூட இருக்கின்றன. ரேஸ் வண்டியில் மட்டும் இருக்கக் கூடாது என்று ஏன் எழுதி வைக்க வேண்டும்?

சிடிஐ விஷயமும் அப்படித்தான். பழைய யூனிட்டில் பொறி விழுகிற நேரத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பாதி இன்ஜின் சைலன்சர்தான் என்று சொல்வார்கள், அந்தப் பானை வயிற்றுக்குள் போய் மோதித் திரும்புகிற அலைதான் வெளியே ஓடப் பார்க்கிற பெட்ரோலைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆர்பிஎம், அதாவது இன்ஜின் ஒரு நிமிஷத்தில் சுற்றுகிற கணக்கு, ஏற ஏற பொறியைக் கொஞ்சம் தாமதமாக விட்டால் சைலன்சருக்குள் சூடு ஏறும், சூட்டில் அலை வேகமாகத் திரும்பும், மேல் ஆர்பிஎம்மில் பவர் சட்டென்று விழாமல் நிற்கும். இதை லேப்டாப்பில் ஒரு கோடு வரைந்து செய்கிற புரோகிராமபிள் சிடிஐ சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. விதியில் இடமில்லை என்பதால் நாங்கள் என்ன செய்கிறோம், அதே பலனைப் பிடிக்க ஒவ்வொரு போட்டிக்கும் சைலன்சரை வெட்டி வெட்டி வெல்டு பண்ணுகிறோம், போர்ட்டை இன்னும் இன்னும் உயர்த்தி சிலிண்டரைக் கெடுக்கிறோம். அசல் சிலிண்டர் கிடைப்பதே கஷ்டம். இன்றைக்கு ஓரளவு நல்ல ஆர்எக்ஸ் 100 வேண்டுமென்றால் லேசில் கிடைப்பதில்லை, நல்ல கிராங்க் கேஸ் கிடைத்தால் தங்கம் மாதிரி துணி சுற்றி வைக்கிறோம்.

என் கடையில் இப்போது வேலை கற்றுக்கொள்கிற ரெண்டு பசங்களும் ஐடிஐ முடித்தவர்கள். ஸ்கேனரை மாட்டி இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்டு திறக்கிறது என்று சொல்லத் தெரியும், கார்புரேட்டரைப் பிரித்துக் கொடுத்தால் முழிக்கிறார்கள். அது அவர்கள் குறை இல்லை, அவர்கள் தலையெடுத்த காலம் அப்படி. இந்தப் பசங்களுக்கு ரேஸ் மேல் அவ்வளவு ஆசை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த வித்தைக்கு எங்கள் கிளாஸில் இடம் இல்லை. இன்னும் பத்து வருஷத்தில் எங்களை மாதிரி ஆட்கள் ஓய்ந்துவிட்டால் இந்த கிளாஸை யார் நடத்துவார்கள்?

அமெரிக்காவில் இதே பிரச்சினை வந்தது. அங்கே டிராக் ரேஸை நடத்துகிற என்எச்ஆர்ஏ 1951-ல் தொடங்கியது. அதில் புரோ ஸ்டாக் என்று ஒரு கார் கிளாஸ், 1970-லிருந்து நடக்கிறது. 500 கன அங்குல இன்ஜின், அதாவது எட்டு லிட்டருக்கு மேலே. அந்த ஊர் ஷோரூம் கார்களில் 1990-களின் தொடக்கத்திலேயே கார்புரேட்டர் போய்விட்டது, ஆனால் இந்த கிளாஸில் மட்டும் 2015 வரைக்கும் கார்புரேட்டர்தான். 2016-ல் மாற்றினார்கள். எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷன் கட்டாயம், இன்ஜின் 10,500 ஆர்பிஎம்மைத் தாண்டக் கூடாது, பானெட் மேலே கூம்பாக நிற்கும் அந்தக் காற்றுக் கூண்டும் போச்சு. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: பிட்டில், அதாவது வண்டியை வேலை பார்க்கிற இடத்தில், காரை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தி, மூக்கு ஜனங்கள் பக்கம் இருக்க வேண்டும் என்றார்கள், இன்ஜினில் மெக்கானிக் வேலை செய்வதை வந்தவர்கள் நின்று பார்க்கலாம். கார்புரேட்டரில் வருஷக்கணக்காகக் கைதேர்ந்தவர்களுக்கு அது பெரிய அடிதான், எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. கிளாஸ் இன்றும் ஓடுகிறது.

அதை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. அவர்களிடம் இருக்கிற பணம் வேறு, எங்கள் பணம் வேறு. நான் கேட்பது இதுதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அப்படியே இருக்கட்டும், சிசி வரம்பும் அப்படியே இருக்கட்டும். கார்புரேட்டர் வேண்டுமென்பவர் கார்புரேட்டரோடு ஓடட்டும், இன்ஜெக்ஷன் வேண்டுமென்பவர் இன்ஜெக்ஷனோடு ஓடட்டும். ஆனால் பொறியைக் கட்டுப்படுத்துகிற பெட்டி எல்லோருக்கும் ஒரே மாடல், ஒரே விலை, போட்டி நடத்துகிறவர்களே சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, ரேஸ் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டியிலேயே ஆர்பிஎம் உச்சவரம்பைப் பூட்டிவிடலாம். ரேஸ் செட்டிங்கில் எங்கள் இன்ஜின் பத்தாயிரத்தைத் தாண்டிச் சுற்றுகிறது, கனெக்டிங் ராடும் பேரிங்கும் அதற்கு மேல் எத்தனை நாள் தாங்கும்? காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை செய்கிற லேத் பட்டறைக்காரர் ஒருவர்தான் எங்களுக்கு கிராங்கைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, பிரஸ் பண்ணிக் கொடுக்கிறார், ஒரு சீசனுக்கு மூன்று முறை போய் நிற்கிறோம். வரம்பு வந்தால் ஒரு முறை போதும். காசு உள்ளவன் விலை கூடின பெட்டி வாங்கி ஜெயிக்கிற வழியும் அடைபடும்.

ஸ்டார்ட் பற்றியும் சொல்ல வேண்டும். முறையான டிராக் ரேஸில் கொடி கிடையாது, மரம் மாதிரி ஒரு விளக்குக் கம்பம். முன் சக்கரம் ஒரு ஒளிக்கற்றையை மறைத்தால் ஒரு விளக்கு, இன்னும் கொஞ்சம் நகர்ந்து அடுத்ததை மறைத்தால் இன்னொரு விளக்கு, ரெண்டு பேரும் தயார் என்றதும் மஞ்சள் எரிந்து பச்சை. புரோ முறையில் மூன்று மஞ்சளும் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை வரும். முன்னாடியே நகர்ந்தால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது. இதில் ஒரு நுணுக்கம், வண்டி ஓடிய நேரம் சக்கரம் நகர்ந்த பிறகுதான் தொடங்குகிறது, பச்சை பார்த்து கிளம்ப எடுத்த நேரம் தனிக் கணக்கு. ஒருவன் 0.1 விநாடியில் கிளம்பி 14.5-ல் ஓடினால் மொத்தம் 14.6. இன்னொருவன் 0.3-ல் கிளம்பி 14.4-ல் ஓடினால் 14.7. வேகமான வண்டி தோற்றது, விழிப்பான பையன் ஜெயித்தான். பார்க்கிறவர்களுக்கு இதைப் போர்டில் காட்டினால் எவ்வளவு சுவையாக இருக்கும்! நாங்கள் போன ஒரு ஃபைனலில் சென்சார் வேலை செய்யவில்லை என்று கொடியை அசைத்து விட்டார்கள். எதிர் டீம் எங்கள் பையன் முந்திக் கிளம்பினான் என்றது, நாங்கள் இல்லை என்றோம், ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை, கடைசியில் யாருக்கும் திருப்தி இல்லாமல் கோப்பையைக் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுத்தார்கள் என்பது இங்கே முக்கியம் இல்லை. விளக்குக் கம்பமும் அச்சடித்த டைம் சீட்டும் இல்லாமல் ஃபைனல் நடத்தக் கூடாது என்று விதியில் வர வேண்டும்.

அப்புறம் மொழி. ரேஸ் விதிகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. எங்கள் ஏரியாவில் இன்ஜின் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் எட்டாவது, ஒன்பதாவதோடு நின்றவர்கள், போர்ட்டிங் அளவை மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்வார்கள், ஆங்கிலப் பக்கத்தைக் கொடுத்தால் யாரையாவது தேடிப் போக வேண்டும். தமிழில் ஒரு பிரதி, சீசனுக்கு ஆறு மாதம் முன்னாடி, மூன்று வருஷத்துக்கு மாற்ற மாட்டோம் என்ற உறுதியோடு வந்தால் ஜனங்கள் நம்பிச் செலவு செய்வார்கள்.

எலக்ட்ரிக் பைக்குக்கும் ஒரு கிளாஸ் வேண்டும் என்று பசங்கள் கேட்கிறார்கள். வரட்டும், நல்லதுதான், நின்ற இடத்திலிருந்து பாய்வதில் மோட்டாருக்கு நிகர் இல்லை. ஆனால் டூ ஸ்ட்ரோக்கோடு கலந்து ஓட்டாதீர்கள், தனியாக வையுங்கள்.

2024-ல் தீவுத்திடலைச் சுற்றி விளக்குப் போட்டு ராத்திரி கார் ரேஸே நடத்தியது நம் ஊர், நானும் போய்ப் பார்த்தேன். அவ்வளவு செய்ய முடிந்த ஊரில் ஒரு எடை மேடை, ஒரு விளக்குக் கம்பம், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, தமிழில் பத்துப் பக்கம் இதைச் செய்ய முடியாதா? விதி எழுதுகிற கூட்டமைப்பும், போட்டி நடத்துகிற கிளப்புகளும், அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு நாள் மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கே கூப்பிட்டாலும் வருவோம். இல்லை, அவர்கள் இங்கே வருவதானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கடை திறந்துதான் இருக்கும். எடை மேடை இருக்கிறது, ஏழு ஓட்டை போட்ட அந்த ஃபிரேமையும் வாங்கி வைத்திருக்கிறேன், விரிசலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு பைக் மெக்கானிக்,
தண்டையார்பேட்டை, சென்னை.